இருவருக்கான பரிந்துரை

ஜூன் 4, புதன்

அடுத்தவர் கட்டியதில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. கம்பெனியில் அதற்கு டெஸ்டர் என்று பெயர். இத்தனை வருடம் அதையே செய்ததில், கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். மனைவி தமயந்திக்கு இது பிடிக்காது. எனக்கும்தான் பிடிக்காது, ஆனால் கண் சொன்னபடி கேட்பதில்லை.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது 'அகப்பை' என்ற செயலி. என்ன சாப்பிடலாம், எங்கே சாப்பிடலாம் என்று போனில் யோசனை சொல்லும். முன்பெல்லாம் ஒருவருக்கு எது பிடிக்கும் என்று மட்டும் பார்த்தது. எங்கள் டீம் தலைவி பர்வீன் வந்த பிறகு அது போதாது என்றாகிவிட்டது. ஒரே ஆள்தான், மழை பெய்தால் பஜ்ஜி கேட்பான், நண்பர்களோடு இருந்தால் பிரியாணி கேட்பான், மாமனார் பக்கத்தில் இருந்தால் தயிர்சாதம் போதும் என்பான். ஆகவே எங்கே இருக்கிறான், என்ன நேரம், கூட யார் என்று சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்கிறோம். நன்றாகவே வேலை செய்கிறது, அதுதான் இன்றைக்கு வந்த வினை.

காலையில் நான் ஆபீஸ் கிளம்பும் நேரம், தமயந்தி மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். அவள் போன் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. தானாக ஒளிர்ந்தது, பார்த்தேன். 'உங்கள் வழக்கமான இடம், வழக்கமான நேரம்: சாய்பாபா காலனியில் நெய் ரோஸ்ட்.'

நாங்கள் இருப்பது அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி, வடவள்ளியில். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். தமயந்தி மாலையில் பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுக்கிறாள், மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். சாய்பாபா காலனியில் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடத்துக்கு மூன்று வாரமாவது போனால்தான் 'வழக்கமான' என்ற சொல் வரும். அந்த வரியைச் சோதித்துப் பார்த்தவனே நான்தான். அதில் பிழை கிடையாது.

ஜூன் 5, வியாழன்

காலையில் நேராகக் கேட்காமல், சாய்பாபா காலனிப் பக்கம் நல்ல ஓட்டல் ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். எனக்கென்னங்க தெரியும், நீங்கதானே சாப்பாட்டுக் கம்பெனியில் இருக்கிறீர்கள் என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

ஜூன் 7, சனி

புதிதாக ஒரு நீலப் பை வாங்கியிருக்கிறாள். ஜிப் வைத்தது.

ஜூன் 11, புதன்

பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கரண்ட் பில் கட்டியாகிவிட்டதா என்று கேட்கத்தான். அதுவும் எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறாள் போல. கிட்டே போனால் பிளீச்சிங் பவுடர் வாசனை. பாத்ரூம் கழுவினேன் என்றாள். கை கழுவுகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் இருக்கும் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. அதுபோக, அவள் தலைமுடியில் ஈரம். செவ்வாயும் வெள்ளியும்தான் அவள் தலைக்குக் குளிப்பது. புதன்கிழமையில் எதற்காகத் தலைக்குக் குளிக்க வேண்டும்? எதைக் கழுவிவிட்டு வந்தாள்?

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட் போன்களை ஊர் சுற்ற அனுப்புவோம். ஆட்டோவில் ஒன்று, டெலிவரிப் பையன் பையில் ஒன்று என்று போகும். வெயிலிலும் நெரிசலிலும் இடமும் வேகமும் சரியாகப் பதிவாகிறதா என்று பார்க்க அதுதான் வழி. ஒவ்வொரு போனுக்கும் ஒரு பொய்ப் பெயர் வைத்திருப்போம். என்னிடம் இருப்பவர் மகாலிங்கம், நடுத்தர வயது, சொந்த ஊர் பல்லடம். மகாலிங்கத்துக்கு என்ன பிடிக்கும் என்று கற்பனை செய்து ஆர்டர் போட வேண்டும். எனக்கு அவ்வளவு கற்பனை இல்லை. எனக்குப் பிடித்ததையே இத்தனை நாளும் போட்டுவந்தேன்.

ஸ்கூட்டரில் இன்னும் யாரும் வைத்துப் பார்க்கவில்லை. இன்று காலை மகாலிங்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி, பவர் பேங்கோடு தமயந்தியின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். பவர் பேங்கை அவள் தூங்கின பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆபீஸ் வேலைதான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இயல்பாக ஓட்ட மாட்டாள், சோதனை கெட்டுப்போகும்.

இன்னொன்றும் செய்தேன். டெஸ்ட் போன் பட்டியலில் மகாலிங்கம் இருந்தால் அவர் போகிற இடமெல்லாம் பர்வீனின் திரையில் தெரியும். என் வீட்டுப் பெண் போகிற வருகிற இடத்தை ஆபீஸ் முழுக்க எதற்குப் பார்க்க வேண்டும்? பட்டியலிலிருந்து அந்தப் போனை எடுத்துவிட்டேன். அவள் கௌரவத்துக்காகத்தான்.

ஜூன் 18, புதன்

அவள் தூங்கப் போனதும் இறங்கிப் போய் மகாலிங்கத்தைப் பார்த்தேன். காய்கறிக் கடை, மருதமலை ரோட்டில் மெடிக்கல், அப்புறம் நேராகச் சாய்பாபா காலனி. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. வரைபடத்தில் அங்கே மரங்களும் ஒரு காம்பவுண்டுச் சுவரும்தான் தெரிகின்றன.

இன்று எங்கேயாவது போனாயா என்று சாப்பிடும்போது கேட்டிருந்தேன். காய் வாங்கப் போனேன் என்றாள். பொய் இல்லை. பாதி உண்மை சொல்கிறவர்கள்தான் ரொம்பத் தேறினவர்கள்.

ஜூன் 20, வெள்ளி

அவள் போனில் அகப்பை இன்று இரண்டு டம்ளர் படம் போட்டிருந்தது. 'இருவருக்கான பரிந்துரை.'

அந்தப் படம் சும்மா வராது. இன்னொரு போன் கூடவே கிளம்பி, கூடவே நின்று, கூடவே திரும்ப வேண்டும். அதுவும் பல தடவை நடந்தால்தான் 'இவர் தனியாக இல்லை' என்று அகப்பை முடிவு செய்யும். கம்பெனி ஆட்களின் போன்களையும் டெஸ்ட் பட்டியலில் உள்ள போன்களையும் அது கணக்கில் எடுக்காது. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு இதுவரை ஒற்றை டம்ளர்தான் வந்தது. அகப்பையைப் பொறுத்தவரை தமயந்திக்குப் புருஷனே கிடையாது. இப்போது யாரோ ஒருவன் இருக்கிறான்.

என்ன பரிந்துரை என்று பார்த்தேன். அரிசிம்பருப்பு சாதம், பாகற்காய் வறுவல், சர்க்கரை இல்லாத காப்பி. தமயந்தி பாகற்காயைத் தொட மாட்டாள். காப்பியில் அவளுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை வேண்டும். ஆக இதெல்லாம் அவனுடைய ருசி.

என் ருசியேதான் அவனுக்கும். வேறு ஆள் பிடித்தவள் வேறு ருசிக்காரனாகவாவது பிடித்திருக்கக் கூடாதா?

ஜூன் 21, சனி

இரவு பாகற்காய் வறுத்திருந்தாள். யாரை நினைத்து வறுத்தாளோ தெரியவில்லை. நான் தொடவில்லை. உடம்பு சரியில்லையா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஆபீசில் கூட்டம். சூழல் பார்த்துப் பரிந்துரை சொல்வது எவ்வளவு பிரமாதமாக வேலை செய்கிறது என்று பர்வீன் பெரிய திரையில் காட்டினாள். எடுத்துக்காட்டாக ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டாள். பெயர் இல்லை, நம்பர் இல்லை, இரண்டு புள்ளிகள் மட்டும். வடவள்ளியிலிருந்து கிளம்பி, காய்கறிக் கடையில் நின்று, சாய்பாபா காலனிக்குப் போயின.

"நம்ம டேட்டாலயே பெஸ்ட் ஜோடி இவங்கதான். மெடிக்கலுக்குக்கூட ஒண்ணாத்தான் போறாங்க. ஒருத்தர விட்டு ஒருத்தர் பிரிஞ்சு நான் பாத்ததே இல்ல" என்றாள் பர்வீன்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

கூட்டம் முடிந்ததும், அந்த இரண்டாவது ஆள் யார் என்று பார்க்க வழி உண்டா என்று விசாரித்தேன், பொதுவாகக் கேட்பதுபோல. பார்க்கக் கூடாது சார், யார் என்று தெரியாமல் இருக்கிற வரைக்கும்தான் இது மரியாதையான வேலை என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஜூன் 25, புதன்

லீவு போட்டுவிட்டு நேரில் போய்விடலாம் என்றிருந்தேன். புதிய பதிப்பு வெளியாகும் நாள் என்று விடவில்லை.

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் பாட்டுச் சத்தம். தமயந்திதான். கல்யாணமான நாளாக அவள் பாடி நான் கேட்டதில்லை. பேச்சில், நடையில், எல்லாவற்றிலும் ஒரு தெம்பு. கேஸ் சிலிண்டரை என்னைக் கூப்பிடாமல் தானே தூக்கி மாற்றியிருக்கிறாள். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். என்ன விசேஷம் என்றேன். ஒன்றுமில்லையே என்றாள். ஒன்றுமில்லாததற்கு ஒரு பெண் இவ்வளவு சந்தோஷமாக இருப்பாளா?

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை இங்கேயாவது சொல்லிவிட வேண்டும். அவள் போய்விட்டால் என் துவைத்த சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சட்டைக்காக இல்லை. அவள் போகக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூலை 1, செவ்வாய்

பர்வீன் என்னைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு டீ சொன்னாள். அந்தப் பெஸ்ட் ஜோடியில் ஏதோ இடிக்கிறது என்று ஆரம்பித்தாள். முதல் ஆள் போனைப் பார்க்கிறார், ஆர்டர் போடுகிறார். இரண்டாவது ஆள் பல நாளாகப் போனைத் திறக்கவே இல்லை, பசியே எடுக்காத மனுசனாக இருக்கிறார். போன் பழுதாக இருக்குமோ என்று உள்ளே போய்ப் பார்த்தாளாம்.

"அந்த ரெண்டாவது ஆளு நம்ம மகாலிங்கம் சார். உங்ககிட்ட இருக்கற போன்தான். லிஸ்ட்ல இருந்து எடுத்ததும் நீங்கதான், உங்க லாகின் இருக்கு."

வண்டி யாருடையது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றாள். அந்த இன்னொரு போனின் சொந்தக்காரருக்குக் கம்பெனி தெரிவித்தே ஆக வேண்டும், அது விதி. "வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லிருங்க சார். எங்க மெயில் பாத்து அவங்க தெரிஞ்சுக்க வேண்டாம்."

படி ஏறும்போது நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினதுபோல இருந்தது. யாரும் இல்லை. பட்டியலிலிருந்து நான் எடுத்ததால் மகாலிங்கத்தை நிஜ ஆள் என்று அகப்பை நம்பிவிட்டது. அரிசிம்பருப்பு சாதமும் நான்தான், பாகற்காயும் நான்தான். பத்து நாளாக என்னைப் பார்த்து நானே வயிறெரிந்திருக்கிறேன்.

மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் வேறொன்று தோன்றியது. இரண்டாவது போன் என்னுடையது என்பது சரி. அந்தச் சந்தில் வேறு ஆள் இல்லை என்று அதனால் ஆகிவிடுமா? போனைக் கொண்டுவராமல் வருகிற விவரமான ஆளாக இருக்கலாம் அல்லவா? ஒன்றரை மணி நேரம் அங்கே என்னதான் வேலை?

நாளை லீவு சொல்லிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

பஸ்ஸில் போய் இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அதே சந்து, அதே சுவர். தமயந்தியின் ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நின்றது. சுவரைச் சுற்றி வந்தால் ஒரு கேட், அதன் மேல் போர்டு. நீச்சல் குளம். புதன்கிழமை காலை பெண்களுக்கு மட்டும்.

வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளைங்க நேரமுங்க. அக்கட்ட போய் நில்லுங்க" என்றார். என் சம்சாரம் உள்ளே இருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார்.

எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றேன். விசில் சத்தமும் தண்ணீர் சத்தமும் கேட்டன. இப்படி எழுதினால் நம்ப மாட்டார்கள், அப்போதுகூட உள்ளே கற்றுக்கொடுப்பவர் ஆணா பெண்ணா என்று கடைக்காரரிடம் கேட்டேன். பெண்தான், எல்லோரும் பெண்கள்தான் என்றார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்கள். தமயந்தி ஈரத் தலையோடு, நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பெண்களோடு வந்தாள். கையை நீட்டித் தண்ணீரைத் தள்ளுவதுபோல எதையோ நடித்துக் காட்டிச் சிரித்தாள். வாய் விட்ட சிரிப்பு. அந்தப் பெண் என் மனைவி என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ஓடி வந்து, மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்களுக்கு ஏதாவதா என்றாள். அதுவும் இல்லை, இந்தப் பக்கம் சும்மா வந்தேன் என்றேன்.

"வடவள்ளில இருந்து இந்தச் சந்துக்கு எதுக்குங்க சும்மா வரணும்?"

என்னால் பொய் கோர்க்க முடியவில்லை. சொன்னேன். நடுரோட்டில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போய் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள். கைக்குட்டையைப் பிரித்தாள். அது அவள் மடித்துக் கொடுத்த கைக்குட்டை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, ஏறி உட்காருங்கள், வீட்டுக்குப் போகலாம் என்றாள். வழியெல்லாம் அவள் முடியிலிருந்து தண்ணீர் என் சட்டையில் சொட்டிக்கொண்டே வந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை.

டியூஷன் பிள்ளைகள் போன பிறகு பேசினாள். கோபமே இல்லாமல் பேசினாள், அதுதான் தாங்கவில்லை.

"மொதல்ல தலைய உள்ள முக்கவே பயமுங்க. மூணு மாசத்துல இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் போயிட்டேன். உங்ககிட்டச் சொல்லியிருப்பேன். சொன்னா நீங்க கேப்பீங்க. எதுக்கு, எத்தன மணிக்கு, யாரு கூட, தண்ணி சுத்தமா இருக்குமா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அது உங்க வேலையாயிரும். ஒண்ணாச்சும் எனக்குன்னு இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டனுங்க."

வேறு ஆள் இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

"இருந்திருந்தா உங்களுக்குச் சவுகரியமா இருந்திருக்கும். சண்டை போட ஒரு ஆளு கெடச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.

ஜூலை 4, வெள்ளி

பர்வீன் ரிப்போர்ட் கொடுத்துவிட்டாள். நல்லபடியாகத்தான் எழுதியிருந்தாள். டெஸ்ட் போன்களைத் திருப்பிக் கொடுத்தேன். இனி எனக்குப் பில் அச்சடிக்கிற பிரிவில் வேலை. அங்கே யாரும் எங்கேயும் போவதில்லை.

தமயந்தியின் போனில் மறுபடி ஒற்றை டம்ளர். அவளே காட்டினாள்.

ஜூலை 9, புதன்

அவள் இன்று போகவில்லை. கிளம்பு, நானே கொண்டுபோய் விடுகிறேன், திரும்பக்கூடப் பார்க்க மாட்டேன் என்றேன். உள்ளபடியே அவள் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"வேண்டாமுங்க. அது இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச எடமாயிருச்சு."

சமைத்தாள், துணி மடித்தாள், மத்தியானம் படுத்துத் தூங்கினாள். பகலில் தூங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நீலப் பை பரணில் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மன்னித்துவிடு என்று கேட்டேன். சரிங்க என்றாள். அந்தச் 'சரிங்க'வில் மன்னிப்பு இருந்ததா என்று சோதித்துப் பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. மறுபடி கேட்டால் மறுபடி சரிங்க என்பாள். எனக்கு அழுகை வந்தது. குழம்பு ஊற்றிக்கொள்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 16, புதன்

புதன்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருக்கிறேன். முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன், லேசாக இருக்கவும் இருக்கிறது.

பத்து மணிக்குத் தமயந்தி கிளம்பினாள். பச்சைச் சேலை. கையில் பை இல்லை. போனை என் லாப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள், திரை மேலே தெரியும்படி. லாக்கையும் எடுத்துவிட்டிருந்தாள்.

"இது உங்க கூடவே இருக்கட்டுமுங்க. நான் போயிட்டு வர்றேன்."

எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. நான் மாறித்தான் விட்டேன். போனைத் தொடவில்லை. அது தானாக ஒளிர்ந்து, நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், தூறல் வேறு, சூடாக வெண்பொங்கல் சாப்பிடுங்கள் என்று அவளுக்குச் சொன்னது. அவள் வீட்டில் இல்லை.

தூறல் விழுந்தால் பால்கனிக் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும். யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? பால்கனிக்குப் போனேன். ஸ்கூட்டர் அப்போதுதான் தெருமுனையை எட்டியிருந்தது. சாய்பாபா காலனிக்குப் போவதென்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

குறித்து வைக்கிறேன். வேறெதற்கும் இல்லை.